உயர்நிலை ஒன்று, இரண்டு: சிசிஏவும் (இணைப்பாட நடவடிக்கை) பாடத் தேர்வும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் பிறந்தால் போதும், சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் யாராவது என்னை நிறுத்திவிடுவார்கள். "அக்கா, உங்க பையன் உயர்நிலையில்தானே படிக்கிறான், ஒரு சந்தேகம்..." என்று பேச்சு தொடங்கும். மகன் உயர்நிலை நான்கு, மகள் உயர்நிலை இரண்டு. பள்ளியின் பெற்றோர் ஆதரவுக் குழுவில் இருப்பதால் கேள்விகள் கொஞ்சம் அதிகமாகவே வரும். ஒரே கேள்விக்குப் பத்துப் பேரிடம் பதில் சொன்ன பிறகு எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயால் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

பி.எஸ்.எல்.இ. ரிசல்ட் வந்துடுச்சு. எக்ஸ்பிரஸ், நார்மல்னு எதையும் காணோமே. என் பிள்ளை எதுல இருக்கான்?

அந்தப் பிரிவுகள் இப்போது இல்லை. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகள் தொடங்கி எக்ஸ்பிரஸ், நார்மல் அகாடமிக், நார்மல் டெக்னிக்கல் மூன்றையும் எடுத்துவிட்டார்கள். இப்போது போஸ்டிங் குரூப் 1, 2, 3 என்ற மூன்று குழுக்கள் வழியாகப் பள்ளியில் சேர்க்கிறார்கள். பி.எஸ்.எல்.இ. என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஏஎல் என்ற தரம் தருவார்கள், எண் குறைந்தால் நல்லது. மொத்த மதிப்பெண் 4 முதல் 20 வரை என்றால் மூன்றாம் குழு. 23, 24 என்றால் இரண்டாம் குழு. 26 முதல் 30 வரை என்றால் முதல் குழு, அதற்கு ஆங்கிலத்திலும் கணக்கிலும் குறைந்தது ஏஎல் 7 வேண்டும். 21, 22 வாங்கிய பிள்ளைகள் இரண்டாம் குழுவா மூன்றாம் குழுவா என்றும், 25 வாங்கியவர்கள் முதல் குழுவா இரண்டாம் குழுவா என்றும் தாங்களே தேர்ந்தெடுக்கலாம்.

பள்ளிக்குள் போன பிறகு மூன்று குழுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் கலந்துதான் உட்காருவார்கள். பாடத்துக்குப் பாடம்தான் ஜி1, ஜி2, ஜி3 என்று நிலை மாறும், ஜி3தான் கடினமானது. தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறவர்கள் இன்னமும் "எந்த ஸ்ட்ரீம்?" என்று கேட்கிறார்கள். பிள்ளை பக்கத்தில் நிற்கும். "கணக்கு ஜி3, ஆங்கிலம் ஜி2" என்று பாடத்தைச் சொல்லிப் பதில் கொடுங்கள். உண்மை நிலவரம் அதுதான். பிள்ளைக்கும் முகம் வாடாது.

என் மகள் இரண்டாம் குழு. ஆனா கணக்குல நல்லா வாங்கியிருக்கா. கணக்கை மட்டும் மேல எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆங்கிலம், கணக்கு, அறிவியல், தாய்மொழி நான்கிலும் உயர்நிலை ஒன்றிலேயே அந்த வாய்ப்பு உண்டு. பி.எஸ்.எல்.இ.யில் அந்தப் பாடத்தில் ஏஎல் 5 அல்லது அதைவிட நல்ல தரம் இருந்தால் ஜி3 நிலையில் எடுக்கலாம். முதல் குழுப் பிள்ளை ஏஎல் 6 அல்லது அதைவிட நல்ல தரம் வாங்கியிருந்தால் ஜி2 எடுக்கலாம். தொடக்கப்பள்ளியில் எளிதான அடித்தளப் பாடம் எடுத்தவர்கள் ஜி2 எடுக்க ஏஎல் ஏ வேண்டும். பள்ளியே கடிதம் தந்து கேட்கும். முதல் வார அவசரத்தில் அந்தத் தாள் பையின் அடியிலேயே கிடந்துவிடும், தேடிப் பாருங்கள்.

இப்போது வாய்ப்பு இல்லாவிட்டாலும் கதவு மூடிவிடாது. பள்ளியில் வாங்கும் மதிப்பெண்ணைப் பார்த்துப் பிறகும் நிலையை மாற்றுவார்கள். உயர்நிலை இரண்டிலிருந்து வரலாறு, புவியியல், இலக்கியம் போன்ற பாடங்களிலும் மேல்நிலைக்குப் போக வழி உண்டு.

சமையல், மரவேலை எல்லாம் எதுக்கு? அந்த நேரத்துல கணக்கு போடலாமே?

ஓவியம், இசை, உடற்கல்வி, வடிவமைப்பும் தொழில்நுட்பமும், உணவு பற்றிய பாடம், நற்குணமும் குடியியலும் ஆகிய ஆறும் எல்லாருக்கும் பொதுவானவை. பாட நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவற்றுக்குப் போகிறது. எல்லா நிலைப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிப்பது இங்கேதான். என் மகனுக்கு இன்று வரை இருக்கும் இரண்டு நெருங்கிய நண்பர்களும் பட்டறையில் ஒரே மேசையில் நின்று பலகை அறுத்தவர்கள்.

சிசிஏ கட்டாயமா? படிப்பு கெட்டுப் போகாதா?

உயர்நிலையில் கட்டாயம். ஒரு முதன்மை இணைப்பாட நடவடிக்கையாவது இருக்க வேண்டும். விளையாட்டு, சீருடை அணி, மேடை மற்றும் காட்சிக் கலை, மன்றங்கள் என்று நான்கு வகை. பெரும்பாலும் ஜனவரியில் ஒரு நாள் எல்லாச் சிசிஏகளும் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும். பிள்ளை சுற்றிப் பார்த்துவிட்டு விருப்பத்தை வரிசைப்படுத்திக் கொடுக்கும்.

படிப்பு கெடுவது சிசிஏவால் இல்லை, வாரத்துக்குள் அடங்காத அளவுக்கு எல்லாவற்றையும் திணிப்பதால். இதைக் கொஞ்சம் தள்ளி விரிவாகச் சொல்கிறேன்.

எந்த சிசிஏக்குப் புள்ளி அதிகம்? சீருடை அணின்னா சுலபமாக் கிடைக்குமாமே?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். எந்த சிசிஏக்கும் தனியாகப் புள்ளி கிடையாது. லீப்ஸ் 2.0 என்ற முறையில் தலைமைத்துவம், சாதனை, பங்கேற்பு, சேவை என நான்கு பகுதிகளில் ஒன்று முதல் ஐந்து நிலை வரை கணக்கிடுகிறார்கள். நான்கிலும் மூன்றாம் நிலையும், அவற்றில் ஏதாவது ஒன்றில் நான்காம் நிலையும் தொட்டால் மிகச் சிறப்பு, அதற்கு 2 போனஸ் புள்ளி. அதற்கு அடுத்த தரத்துக்கு 1 புள்ளி. தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரிச் சேர்க்கையில் இது கைகொடுக்கும்.

சீருடை அணியில் படிப்படியாகப் பட்டயங்களும் பதவிகளும் இருப்பதால் பாதை கண்ணுக்குத் தெரிகிறது. அந்தப் பேச்சு வந்தது அதனால்தான். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது 75 விழுக்காடு வருகை இல்லாமல் பங்கேற்பு கணக்கில் ஏறாது. பிடிக்காத இடத்துக்கு வெள்ளிக்கிழமை மூன்று மணி வெயிலில் நான்கு ஆண்டு போய் நிற்கப் பிள்ளைக்கு மனம் வராது. என் மகன் தேசியக் காவல் மாணவர் படையில் இருக்கிறான். அணிவகுப்புக்கு முந்தின இரவு வீட்டு வாசல் நடைபாதையில் பழைய செய்தித்தாளை விரித்து, பருத்தித் துணியை விரலில் சுற்றி, பூட்ஸின் முனையை முக்கால் மணி நேரம் தேய்ப்பான். யாரும் சொல்லிச் செய்வதில்லை. அப்படி ஒரு விருப்பம் உங்கள் பிள்ளைக்கு எதில் இருக்கிறது என்று பாருங்கள். புள்ளி அதன் பின்னால் வரும்.

தலைவர் பதவி கிடைக்கலைன்னா தலைமைத்துவத்துல ஒண்ணும் வராதா?

வரும். வகுப்பில் ஏற்கும் பொறுப்பும் சேரும். சேவைக்குக் குறைந்தபட்சம் 24 மணி நேரம் தேவை. முதல் ஆண்டிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் கடைசி ஆண்டில் ஓட வேண்டியதில்லை. பதிவாகியிருக்கிறதா என்று ஆண்டு முடிவில் வகுப்பாசிரியரிடம் ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது.

பூப்பந்து கேட்டான், கிடைக்கலை. வேற எதிலோ போட்டுட்டாங்க. சண்டை போடலாமா?

சண்டை வேண்டாம், பேசலாம். பூப்பந்து, கூடைப்பந்து போன்றவற்றுக்குத் தேர்வுச் சுற்று வைப்பார்கள், இடம் குறைவு. அடுத்த ஆண்டு மறுபடி முயலலாமா என்று பொறுப்பாசிரியரிடம் பிள்ளையே போய்க் கேட்கட்டும். சில விளையாட்டுகளில் பல பள்ளி மாணவர்கள் ஒரே இடத்தில் கூடிப் பயிற்சி செய்யும் கூட்டு ஏற்பாடும் உண்டு. தம் பள்ளியில் இல்லாத விளையாட்டில் அப்படிச் சேர முடியுமா என்றும் விசாரியுங்கள்.

என் மகள் வலைப்பந்து கேட்டாள், இந்திய நடனம் வந்தது. முதல் இரண்டு வாரம் வீட்டில் பேச்சே இல்லை. ஒரு தவணை இருந்து பார் என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு ஒருநாள் கூடத்துச் சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் மலாய்த் தோழிக்கு அரைமண்டி எப்படி உட்காருவது என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாப் பிள்ளைக்கும் இப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன். ஒரு தவணை அவகாசம் மட்டும் கொடுங்கள்.

அஞ்சு வயசுலேருந்து வெளியில மிருதங்கம் கத்துக்கிறான். அதையே சிசிஏன்னு எழுத முடியுமா?

பொதுவாக முடியாது. பள்ளி சிசிஏ ஒன்று தனியாக வேண்டும். வெளியில் வாங்கும் பரிசு, கொடுக்கும் நிகழ்ச்சி பற்றிப் பொறுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி, எது கணக்கில் வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி முடிந்த பிறகு சான்றிதழை நீட்டினால் பலிப்பது கடினம்.

சிலர் மிருதங்கத்தை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது மனத்துக்கு ஒப்பவில்லை. ஏழெட்டு ஆண்டு கைப்பழக்கம் விலைமதிப்பில்லாதது. வாரம் இரண்டு வகுப்பை ஒன்றாகக் குறையுங்கள். வேண்டுமானால் டியூஷன் ஒன்றை விடுங்கள்.

உயர்தமிழ் எடுக்கலாமா? சுமையாயிடுமா?

பி.எஸ்.எல்.இ. மொத்தம் 8 அல்லது அதைவிடச் சிறப்பாக இருந்தால் தகுதி உண்டு. மற்றவர்களுக்குத் தமிழில் ஏஎல் 1 அல்லது 2, இல்லையேல் தொடக்கநிலை உயர்தமிழில் டிஸ்டிங்ஷன் அல்லது மெரிட் வேண்டும். இந்த எல்லைக்கு வெளியே இருந்தாலும் தமிழில் திறமை இருந்தால் பள்ளி தன் முடிவில் சேர்த்துக்கொள்ளலாம். அதனால் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். தொடக்கக் கல்லூரிச் சேர்க்கையில் உயர்தமிழுக்கு 2 போனஸ் புள்ளி உண்டு.

சுமையா என்றால், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு அவ்வளவாக இல்லை. இரவுச் சாப்பாட்டில் தமிழ் புழங்கினால் பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும். வீட்டில் முழுக்க ஆங்கிலம் என்றால் எழுத்து வேலை கூடுதலாகத் தெரியும், முதல் ஆண்டு கொஞ்சம் திணறும். அப்படியும் முயன்று பாருங்கள் என்றுதான் சொல்வேன். வாக்கிய அமைப்பும் வாசிப்பும் உறுதியாவது இந்த வயதில்தான்.

எங்க பள்ளியில தமிழ் ஆசிரியரே இல்லையாம். அப்ப என்ன செய்றது?

வேறு தமிழ் நிலையத்துக்குப் போய்ப் படிக்க வேண்டும். பலருக்கும் தெரிந்தது பீட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம், ஃபேரர் பார்க் எம்ஆர்டியிலிருந்து நடந்து போகலாம். உயர்தமிழும் அங்கே உண்டு. வகுப்புகள் பெரும்பாலும் பள்ளி விட்ட பிறகு இருப்பதால் சிசிஏ நாளோடு மோதாமல் பார்க்க வேண்டும். நிலையத்தின் நேர அட்டவணை வந்ததும் சிசிஏ ஆசிரியரிடம் கொடுங்கள். தமிழுக்குப் போகும் பிள்ளைக்கு வராத நாள் போடக் கூடாது என்று எழுத்தில் தெரிவித்து வைப்பது பாதுகாப்பு. பீட்டி சாலையிலேயே சிண்டா என்ற சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் இருக்கிறது. டியூஷனுக்குச் செலவழிக்கச் சிரமப்படுகிறவர்கள் சிண்டாவின் குறைந்த கட்டண ஸ்டெப் வகுப்புகளை அங்கே போகிற வழியில் விசாரித்துக்கொள்ளலாம்.

பள்ளி, சிசிஏ, டியூஷன், நடனம். நேரம் எப்படிப் போதும்?

போதாது. முதலில் அதை ஒப்புக்கொண்டால்தான் வழி பிறக்கும். எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு ஏ4 தாள் காந்தத்தால் ஒட்டியிருக்கும். ஏழு கட்டம், பென்சிலால் எழுதியது. அடுத்த ஆண்டுக்கு எதையும் ஒப்புக்கொள்வதற்கு முன்னால் டிசம்பரிலேயே அதை நிரப்புவோம்.

ஒரு வாரத்தைப் போட்டுக் காட்டுகிறேன். பள்ளி ஏழரைக்கு. வீட்டை விட்டு ஆறே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும், எழுவது ஆறு மணிக்கு. எட்டு மணி நேரம் தூங்க இரவு பத்துக்குப் படுக்க வேண்டும். புதன், வெள்ளி சிசிஏ மூன்று முதல் ஆறு வரை. வீடு வந்து குளித்துச் சாப்பிட ஏழரை. மீதி இரண்டரை மணி நேரத்தில்தான் வீட்டுப்பாடம். அந்த இரண்டு நாளில் டியூஷன் போட்டால் எதை வெட்டுவது? தூக்கத்தைத்தான் வெட்டுவார்கள். அதனால் சிசிஏ நாளில் டியூஷன் கிடையாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். செவ்வாய் கணக்கு, சனி காலை தமிழ், ஞாயிறு மதியத்துக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத கட்டத்தில் யார் வந்து எதை எழுதப் பார்த்தாலும் விடுவதில்லை, பாட்டி வீட்டுக்குப் போவதைத் தவிர.

கலை சிசிஏயில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. சிங்கப்பூர் இளையர் விழாக் கலைப் படைப்பு ஒவ்வொரு கலைக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும். அந்த ஆண்டில் ஒத்திகை கூடும். தேசியப் பள்ளி விளையாட்டுகள் ஒவ்வோர் ஆண்டும் நடக்கும், போட்டிக் காலத்தில் பயிற்சி கூடும். உங்கள் பிள்ளையின் கலைக்கு அடுத்த ஆண்டு விழா ஆண்டா, விளையாட்டுக்குப் போட்டி எந்த மாதம் என்று இப்போதே கேட்டுத் தாளில் குறியுங்கள்.

நடுவுல சிசிஏ மாத்தலாமா?

பள்ளியின் அனுமதி வேண்டும், பெரும்பாலும் ஆண்டு முடிவில்தான் பரிசீலிப்பார்கள். ஒரே சிசிஏயில் நீடித்தால் பங்கேற்பில் நிலை உயரும் என்பதால் மாற்றினால் கொஞ்சம் இழப்பு இருக்கும். உயர்நிலை ஒன்று முடிவில் மாற்றுவது பரவாயில்லை. மூன்றில் மாற்றுவதற்கு உடல்நலம் போன்ற வலுவான காரணம் இருக்க வேண்டும். கொடுமைப்படுத்துகிறார்கள் என்று பிள்ளை சொன்னால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். அன்றைக்கே பள்ளிக்குப் போங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

அரசாங்கப் பள்ளியில் குடிமக்களுக்குப் பள்ளிக் கட்டணம் மாதம் 5 வெள்ளி, அதோடு இதரக் கட்டணம் 20 வெள்ளி வரை. தன்னாட்சிப் பள்ளிகளில் வேறு. சிசிஏக்கு டி-சட்டை, காலணி, நடன உடை என்று கையிலிருந்து போகும். உயர்நிலைப் பிள்ளைகளின் எடுசேவ் கணக்கில் அரசாங்கம் ஆண்டுக்கு 290 வெள்ளி போடுகிறது, பள்ளி நடத்தும் மேம்பாட்டு வகுப்புகளுக்கும் கற்றல் சாதனத்துக்கும் அது உதவும்.

குடும்ப வருமானம் குறைவு என்றால் கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் தள்ளுபடி, பாடநூல், சீருடை இலவசம், சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் உதவி. படிவம் பள்ளி அலுவலகத்தில் கிடைக்கும். கூச்சப்பட்டு விட்டுவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும். அது பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கிய பணம்.

சிசிஏ முடிஞ்சுதான்னு போன்ல கேட்கவும் முடியலையே?

2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுவதும் கைப்பேசியும் ஸ்மார்ட் கைக்கடிகாரமும் கூடாது. இடைவேளையும் சிசிஏ நேரமும் அதில் அடக்கம். அவசரம் என்றால் பள்ளி அலுவலகத்துக்கு அழையுங்கள். மற்றபடி குளிர்பதனப் பெட்டித் தாளில் முடியும் நேரம் இருக்கிறதே.

உயர்நிலை மூணுல அஞ்சு நாள் முகாமாம். பொண்ணை அனுப்பலாமா? சைவம் வேற.

அனுப்புங்கள். எல்லா உயர்நிலை மூன்று மாணவர்களுக்கும் உரிய ஓபிஎஸ் (அவுட்வர்ட் பவுண்ட் சிங்கப்பூர்) வெளிப்புற முகாம் அது. வேறு பள்ளிப் பிள்ளைகளோடு கலந்து குழுவாக்குவார்கள். சைவ உணவு, மருந்து, ஒவ்வாமை விவரங்களைப் படிவத்தில் தெளிவாக எழுதுங்கள்.

இரண்டாம் வருஷக் கடைசியில பாடம் தேர்வு செய்யணுமாம். தூய அறிவியலும் கூடுதல் கணக்கும் இல்லாட்டி எதிர்காலமே இல்லைன்னு சொல்றாங்களே?

அப்படியில்லை. ஆங்கிலம், தாய்மொழி, கணக்கு, அறிவியல், சமூகவியலோடு சேர்ந்த மனிதவியல் ஆகியவை அடிப்படை. அதற்கு மேல்தான் தேர்வு. பொறியியல், மருத்துவம் போன்றவற்றில் உண்மையான நாட்டம் இருந்தால் கூடுதல் கணக்கும் தனித்தனி அறிவியலும் பயன்படும். இல்லாத பிள்ளைக்கு ஒருங்கிணைந்த அறிவியலே போதும். மிச்ச நேரத்தை நன்றாக வரும் பாடத்துக்குக் கொடுக்கலாம். இடம் மதிப்பெண்ணைப் பொறுத்தது என்பதால் உயர்நிலை இரண்டின் வகுப்புத் தேர்வுகள் ஒவ்வொன்றும் முக்கியம். அரையாண்டுத் தேர்வு இப்போது கிடையாது, ஆண்டு நடுவில் விழித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

ஜி3ல தட்டுத் தடுமாறிப் படிக்கிறது நல்லதா, ஜி2ல நிம்மதியாப் படிக்கிறதா?

இதற்கு ஒரே பதில் இல்லை. இரண்டு தவணை மதிப்பெண்ணை வரிசையாக வைத்துப் பாருங்கள். தடுமாற்றம் குறைந்துகொண்டு வருகிறது என்றால் ஜி3யில் இருக்கட்டும். மாறாமல் நிற்கிறது, பிள்ளைக்கு அந்தப் பாடம் வரும் நாளில் வயிறு வலிக்கிறது என்றால் இறங்குவது தோல்வி இல்லை.

2027 முதல், உயர்நிலை முடிவில் எழுதும் ‘ஓ’ (O) நிலை, ‘என்’ (N) நிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக சிங்கப்பூர் கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் வருகிறது. ஒவ்வொரு பாடமும் எந்த நிலையில் எழுதப்பட்டது என்று அதே சான்றிதழில் இருக்கும். 2028 சேர்க்கையிலிருந்து பலதுறைத் தொழிற்கல்லூரிக்குக் கணக்கிடும் ஐந்து பாடங்களில் ஒன்று ஜி2 நிலையில் இருக்கலாம். ஒரு பாடத்தில் இறங்கியதால் எல்லாம் போய்விடாது.

தொடக்கக் கல்லூரிதான் இலக்கு. சிசிஏ புள்ளி, உயர்தமிழ்ப் புள்ளி எல்லாம் சேர்த்தா நாலு வருமா?

இனி வராது. 2028 சேர்க்கையிலிருந்து மொழிப்பாடமும் நான்கு பாடங்களும்தான் கணக்கு, முன்பிருந்த ஐந்து இல்லை. மொத்தம் 16 அல்லது அதற்குக் குறைவாக இருக்க வேண்டும், இங்கேயும் எண் குறைந்தால்தான் நல்லது. போனஸ் புள்ளியின் உச்சவரம்பு நாலிலிருந்து மூன்றாகிறது. புள்ளிக்காகவே இரண்டையும் சுமக்கத் திட்டமிட்டிருந்தால் மறுபடி யோசியுங்கள். தமிழும் பிடித்திருக்கிறது, சிசிஏயும் பிடித்திருக்கிறது என்றால் யோசிக்க ஒன்றுமில்லை.

பிள்ளை ஒண்ணு சொல்றா, நாங்க ஒண்ணு நினைக்கிறோம். யார் பேச்சு எடுபடணும்?

சிசிஏயில் பிள்ளை பேச்சு. பாடத்தில் பிள்ளையும் ஆசிரியரும் பேசட்டும், நாம் கேள்வி கேட்போம். "உன் தோழி எடுக்காவிட்டாலும் இதை எடுப்பாயா?" என்பது நான் மகளிடம் கேட்டது. இலக்கியம் எடுக்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து, எடுப்பேன் என்றாள். எனக்குப் புவியியல் ஆசை இருந்தது. படிவத்தில் இலக்கியம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.